பன்னிரண்டு லிங்க்ஸ்

அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த காகிதங்களில் மிகப் பழையது 1953-ஆம் வருடத்துக் கிரையப் பத்திரம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் மல்லுத் துணி வைத்து ஒட்டியிருந்தார் தாத்தா. அதில் சர்வே எண் கிடையாது. நான்கெல்லை மட்டும்தான். "மரைக்காயர் தோப்புக்கு மேற்கு, வண்டிப் பாதைக்குத் தெற்கு, ஓடைப் புறம்போக்குக்குக் கிழக்கு, சமுத்திரக் கரைப் புறம்போக்குக்கு வடக்கு, இதன் மத்தியில் உள்ள பனந்தோப்பு சுமார் ஏக்கர் இரண்டரை." அதற்குக் கீழே, அளவில் கூடினாலும் குறைந்தாலும் நான்கெல்லைக்கு உட்பட்டதே கிரையம் என்று ஒரு வரி.

பழைய பத்திரம் படித்துப் பழகாதவர்கள் இங்கே தடுமாறுவார்கள். "மரைக்காயர் தோப்புக்கு மேற்கு" என்றால் நம் நிலத்துக்கு மேற்கே மரைக்காயர் தோப்பு என்று பொருள் இல்லை. அந்தத் தோப்புக்கு மேற்கே நாம் இருக்கிறோம். அதாவது அது நமக்குக் கிழக்கு எல்லை. பக்கத்து நிலத்தில் நின்றுகொண்டு நம்மைப் பார்த்து எழுதிய வாசகம் அது. நம் நிலம் எது என்று சொல்ல, பக்கத்துக்காரர் எங்கே நிற்கிறார் என்பதிலிருந்து தொடங்குகிற இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "சுமார்" என்ற சொல்லும் பிடிக்கும். அளவு சுமார், எல்லை திட்டம். பத்திரத்தில் எழுதிய பரப்பும் எல்லையும் முரண்பட்டால் எல்லையையே பெரும்பாலும் நீதிமன்றங்களும் எடுத்துக்கொள்கின்றன.

தோப்பு இருப்பது கீழக்கரைக்குக் கிழக்கே, தென்கடல் ஓரம். மன்னார் வளைகுடாவைத்தான் எங்கள் பக்கம் தென்கடல் என்போம். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். அப்பா போன மறுவருடம் தம்பி பாகம் பிரிக்கும் பேச்சை எடுத்தான். நான், தம்பி, தங்கை மூன்று பேர். மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அத்தைமார் காலத்தில் ஒரு பங்காக இருந்திருக்கக் கூடியது எங்கள் காலத்தில் மூன்று பங்காகிறது. நில வரைபடத்தில் ஒரு சட்டம் எப்படித் தெரியும் என்று கேட்டால், இப்படித்தான்: உட்பிரிவு எண்களாக.

மதுரையில் எனக்கு வரைபட வேலைதான் தொழில். அதனால் தம்பி காகிதங்களை எல்லாம் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பி, "நீயே கம்ப்யூட்டர்ல போட்டுப் பிரிச்சுக் குடுக்கா" என்று விட்டுவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஆயிற்று.

இராமநாதபுரம் சமஸ்தானம் 1803-இல் சனது, அதாவது உரிமைப் பத்திரம், பெற்ற ஜமீன். குடியானவருக்கும் ஜமீனுக்கும் நடுவே பட்டா கொடுத்து முச்சலிக்கா என்ற ஒப்பந்தச் சீட்டு வாங்குவதுதான் நடந்தது. 1948-ஆம் வருடச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்து, அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரிக்கு வந்த பிறகு, எங்கள் ஊரைப் புலம் புலமாக அளந்து செட்டில்மெண்ட் செய்தார்கள். அப்போது எழுதிய செட்டில்மெண்ட் நிலப் பதிவேட்டைத்தான் இன்றும் எஸ்.எல்.ஆர். என்கிறோம். பழைய ஜமீன் கிராமத்தில் நிலத்தின் வேரைத் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது அதன் முன்னால்தான். எங்கள் தோப்பின் முதல் புலப்படம் அந்தச் சமயத்தது. ஏக்கர் 2 சென்ட் 37.

அந்தப் படத்தை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது தெரிந்தால் பல குடும்பங்களில் பாதிச் சண்டை குறையும்.

அளவு லிங்க்ஸில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் என்பது நம் கணக்கில் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். நம் ஊர் சென்ட் கணக்கே அந்தச் சங்கிலியில் பிறந்ததுதான். அளக்கிறவர் கல்லிலிருந்து கல்லுக்கு ஒரு நேர்கோடு பிடிப்பார். அதன் மேல் சங்கிலி போட்டு நடந்துகொண்டே போய், எல்லை வளைகிற இடத்துக்கு நேராக நின்று, செங்கோணத்தில் இடமோ வலமோ எத்தனை லிங்க்ஸ் தள்ளி எல்லை இருக்கிறது என்று குத்தளவு எடுப்பார். படத்தில் நேர்கோட்டை ஒட்டி ஓர் எண், அதிலிருந்து பக்கவாட்டில் இன்னோர் எண். அவ்வளவுதான். அந்த இரண்டு எண்ணை வைத்து அறுபது வருடம் கழித்தும் அதே வளைவை மணலில் குறித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: படத்தை அளக்காதீர்கள், படத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். காகிதம் சுருங்கும், நகல் எடுத்தால் இழுபடும், ஸ்கேன் செய்தால் சாயும். எண் சுருங்காது. பழைய புலப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு "நிலம் குறையுது" என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கிழக்கு எல்லை 540 லிங்க்ஸ். நேர்கோட்டில் 268-ஆவது லிங்க்ஸில் ஒரு குத்தளவு: மேற்கே 12. அந்த முனைக்குப் பக்கத்தில், மரைக்காயர் தோப்பின் பக்கமாக, மிகச் சிறிய வட்டம் ஒன்று. தூசியோ மைத்துளியோ என்று முதலில் கடந்துபோய்விட்டேன்.

அடுத்த படம் யு.டி.ஆர். காலத்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தை எல்லோரும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். அதில் எல்லாம் மீட்டருக்கு மாறின. பரப்பு ஹெக்டேர் – ஏர் ஆனது; நூறு ஏர் ஒரு ஹெக்டேர். எங்களுக்கு 0.97.0 ஹெக்டேர்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஏக்கர் 2.37 என்பதை மாற்றினால் 0.959 ஹெக்டேர் வரும். முழுதாக்கினால் 0.96.0. எங்கள் பட்டாவில் 0.97.0. ஓர் ஏர் கூடுதல். இரண்டரை சென்ட் சுமார். "மாத்தும்போது அப்படி இப்படி வரத்தான் செய்யும், விடு" என்றான் தம்பி. மற்ற யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் முழுதாக்கும்போது பாதி ஏருக்கு மேல் போகக் கூடாதே என்று மனம் அரித்தது. இரண்டு படங்களையும் எண்ணை வைத்துத் திரும்ப வரைந்து, ஒன்றன் மேல் ஒன்று போட்டேன். வடக்கு, மேற்கு, தெற்கு மூன்றும் ஒரு சாண், இரு சாண் வித்தியாசத்தில் பொருந்தின. கிழக்கில் மட்டும் யு.டி.ஆர். படத்தில் வளைவே இல்லை. கல்லுக்குக் கல் நேர்கோடு. 12 லிங்க்ஸ் குத்தளவு எங்கேயோ நழுவியிருக்கிறது.

540-ஐ 12-ஆல் பெருக்கிப் பாதி எடுத்தால் 3,240 சதுர லிங்க்ஸ். மூன்றே கால் சென்ட். அந்த முக்கோணத்தை 0.959-உடன் கூட்டிப் பார்த்தேன்: 0.972. முழுதாக்கினால் 0.97.0.

அந்த மூன்றே கால் சென்ட் எங்களுடையது இல்லை. பழைய படத்தில் எல்லை மேற்கே, எங்கள் பக்கமாக உள்வாங்கி வளைகிறது. வளைவை நேராக்கியதும் மரைக்காயர் தோப்பின் துண்டு எங்கள் பட்டாவுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. முப்பது நாற்பது வருடமாக அதற்கும் சேர்த்துத்தான் கிஸ்தி கட்டியிருக்கிறோம்.

இதை யாரிடமும் சொல்வதற்கு முன்னால் நிலத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதற்கு முன் வானத்திலிருந்து. கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். படங்கள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வருடத்துக்கு வருடம் இரண்டு மூன்று மீட்டர் அங்கும் இங்கும் தள்ளி உட்காரும். எங்கள் வளைவே 2.4 மீட்டர்தான். ஆகவே படத்தின் மேல் கோடு போட்டு "இதோ எல்லை" என்று சொல்ல முடியாது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் 1972-இலிருந்து கிடைக்கிறது, பெரிய புதையல்தான். ஆனால் 1984-க்குப் பிறகு வந்த நல்ல படங்களில்கூட ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 22 சென்ட். எங்கள் மூன்றே கால் சென்ட் அதில் ஒரு கட்டத்தின் ஏழில் ஒரு பங்கு. சென்டினல் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் ஓர் ஏர். கடற்கரை எப்படி நகர்ந்தது, உப்பளம் எப்போது விரிந்தது, சீமைக்கருவேலம் எவ்வளவு ஏறியது என்று பார்க்க அவை போதும். இரண்டு வீட்டுக்கு நடுவே உள்ள வரப்பைப் பற்றிப் பேச அவற்றுக்கு வாயில்லை. கையில் இருக்கும் போன் ஜி.பி.எஸ்.ஸும் அப்படித்தான், ஐந்து மீட்டர் வரை தடுமாறும். அதை வைத்துக்கொண்டு பக்கத்துக்காரர் வேலியைப் பிடுங்கப் போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

ஆனால் ஒன்று தெரிந்தது. காலை நேரத்துப் படம் ஒன்றில் எல்லைப் பனைகளின் நிழல் மேற்கே நீட்டிக்கொண்டு கிடந்தது. பதினோரு நிழல்கள். வரிசை நேராக வந்து, நடுவில் மெல்ல ஒதுங்கி, மறுபடி நேராகப் போனது. எங்கே இருக்கிறது என்பதில் படம் தவறலாம். ஒரே படத்துக்குள் வரிசையின் வடிவம் தவறாது.

வைகாசியில் ஊருக்குப் போனேன். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தொடங்கியிருந்தது. மரைக்காயர் தோப்பை இப்போது பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் மாப்பிள்ளை, மச்சான் என்றே பேசிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் மதம் பார்த்து முறை வைப்பதில்லை. எழுபத்தெட்டு வயது. டேப்பும் கையுமாக நான் கல்லைத் தேடி அலைவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கல்லத் தேடாத தாயி. பனையத் தேடு."

தென்கிழக்குக் கல் ராவணன் மீசைப் புதருக்கும் அடம்பன் கொடிக்கும் அடியில், முழங்கால் ஆழ மணலில் கிடைத்தது. வடகிழக்குக் கல் வண்டிப் பாதை ஓரம் அப்படியே நின்றது. நடுவில் கல் இல்லை, பனைதான் எல்லை. இரண்டு கல்லுக்கும் கயிறு பிடித்தோம். 268 லிங்க்ஸ் என்றால் 53.9 மீட்டர். அந்த இடத்தில் நின்று மேற்கே அளந்தேன். பனையின் அடிமரத்துக்கு 2 மீட்டர் 30. பனை தடித்திருக்கும், சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கும். சங்கிலிக்கு அரை லிங்க் கூடியிருந்தால்கூட இந்த எல்லை முழுவதற்கும் அரை மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு பழைய கணக்குக்கு 10 சென்டிமீட்டர் வித்தியாசம் என்பது அந்தப் பெயர் தெரியாத சர்வேயரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டிய விஷயம்.

"எதுக்கு மாமா இங்க மட்டும் ஒதுங்குது?"

"எங்க ஊத்து இருந்துச்சுல்ல. அதச் சுத்தித்தான் உங்க பாட்டனும் எங்க வாப்பாவும் கொட்டை போட்டாக. புயலுக்கு அப்புறம் தூந்து போச்சு."

அந்தச் சிறிய வட்டம் தூசி இல்லை. ஊற்று.

புயல் என்று எங்கள் கரையில் சொன்னால் 1964-ஆம் வருடம் டிசம்பர் 22 இரவுதான். தனுஷ்கோடியை அழித்த புயல். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், தலைமன்னாருக்குக் கப்பல் என்று இருந்த ஊர், வந்துகொண்டிருந்த ரயிலோடு சேர்ந்து போனது. நிலத்தின் எல்லை மாறியதை வரைகிற வேலையில் எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் இடம் அதுதான். ஒரு மனை இரண்டாகப் பிரிந்தால் அதற்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு சேர்ந்தால் ஒன்று. சாலைக்கு எடுத்தால் மிச்சம் ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. கடல் கொண்டுபோன மனைக்குப் பிள்ளை இல்லை. அந்த வரியில் முடிந்த தேதியை மட்டும் எழுதிவிட்டு அடுத்த கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21 என்று பள்ளியில் படித்தோம்; அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு அடியில். பவளப் பாறையை வெட்டி எடுத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கையில் இருக்கின்றன, நிலத்தில் இல்லை.

எங்கள் தோப்பின் தெற்கிலும் கடல் நெருங்கியிருக்கிறது. பழைய படத்தில் கல்லிலிருந்து நீர் ஓரம் வரை 260 லிங்க்ஸ், அதாவது 52 மீட்டர். நான் அளந்த அன்று 31. உடனே 21 மீட்டர் போய்விட்டது என்று எழுதிவிடக் கூடாது. தென்கடலில் கச்சான் காலத்துக் கடல் மணலை வாரிக்கொண்டு போகும். பிறகு அமைதியான மாதங்களில் கொஞ்சம் திருப்பிப் போடும். பழைய சர்வேயர் எந்த மாதம் வந்தார் என்பது படத்தில் இல்லை. அதனால் தை மாதம் மறுபடி போய் அளந்தேன்: 38. இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். குறைந்திருப்பது உண்மை, எவ்வளவு என்பதற்கு இன்னும் சில வருடம் அளக்க வேண்டும். எங்கள் எல்லைக் கல் அசையவில்லை. குறைந்தது புறம்போக்கு. ஆனால் கரைவலை இழுக்கிறவர்கள் நிற்பது அந்தப் புறம்போக்கில்தான். அவர்களுக்கு அதில் பட்டா கிடையாது, எந்தப் புலப்படத்திலும் அவர்களுடைய பாடு, அதாவது வலை இழுக்கும் இடம், குறிக்கப்பட்டதில்லை. கயிறு பிடிக்க இடம் போதாமல் எங்கள் தோப்புக்குள் வந்து இழுக்கிறார்கள். பாகப் படத்தில் தெற்கு ஓரத்தை மூவருக்கும் பொதுவாக விட்டு, இழுக்கிறவர்களுக்கு வழி என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். தங்கை சரி என்றுவிட்டாள்.

இன்னொரு கோடும் உண்டு: கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கான உயர் அலைக் கோடு. 1991, 2011, 2019 என்று அறிவிக்கை மாற மாற, அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டருக்குள் கட்டக் கூடாது என்பதும் மாறியிருக்கிறது. கிராமக் கரைகளுக்கு 200 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் எங்கள் தோப்பு முழுதும் அதற்குள். கல் அசையாது, பட்டா மாறாது, ஆனால் அந்த மண்ணில் என்ன செய்யலாம் என்பது மாறும். இதையும் தனி அடுக்காக வைத்திருக்கிறேன்.

எட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டு கடைப்பிடிப்பது இதுதான்: புதுப் படம் வந்ததும் பழைய கோட்டை அழிப்பதில்லை. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு புலத்துக்கும் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை, எந்தக் காகிதத்தின்படி, தாய் எண் என்ன என்று நான்கு கட்டம் போட்டேன். ஐந்தாவதாக ஒரு கட்டம்: என்ன மாறியது. நிலமே மாறியதா, உடைமை மாறியதா, அளவுகோல் மாறியதா, அல்லது வரைந்த கை மட்டும் மாறியதா. இரண்டு படத்தில் கோடு வேறு வேறாக இருந்தால் "எல்லையை நகர்த்திவிட்டான்" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. எங்கள் நான்கு பக்கத்தில் யாரும் எதையும் நகர்த்தவில்லை. தெற்கே கடல் நகர்ந்தது. வடக்கிலும் மேற்கிலும் லிங்க்ஸ் மீட்டரானது. கிழக்கே ஓர் எண் விட்டுப்போனது. பழைய கோட்டை அழித்திருந்தால் இந்த மூன்றும் ஒரே மாதிரித் தெரிந்திருக்கும்.

தம்பியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "பட்டா நம்ம பேர்லதானக்கா இருக்கு" என்றான். இருக்கிறது. அதே பட்டாவுக்கு அடியில் அப்பா பத்திரமாக வைத்திருந்த தாத்தாவின் பத்திரமும் இருக்கிறது. அதன் முதல் வார்த்தையே மரைக்காயர் தோப்பு. அதைப் படித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் அவனே போன் செய்து, "மாமாகிட்ட நான் பேசுறேன்" என்றான்.

மாமா அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தோம். அவருக்குப் பட்டாவில் குறைந்திருப்பது முப்பது வருடமாகத் தெரியும். "பனை நிக்குதுல்ல, யாரு எங்க போயிருவா" என்று அப்பாவும் அவரும் அன்றே பேசி விட்டுவிட்டார்களாம். அந்தப் பதினோரு பனையில் ஐந்து மாமா வீட்டுக்கு, ஆறு எங்களுக்கு. நுங்குக் காலத்தில் யாரும் மாற்றி ஏறியதில்லை. எனக்கு அங்கேதான் கவலை வந்தது. அப்பா இல்லை. மாமாவின் பேரன் சவூதியில். எங்கள் பிள்ளைகளுக்கு எது யார் பனை என்று தெரியாது. பனையும் விழும், போன வாடையில்தான் மேற்கு எல்லையில் இரண்டு சாய்ந்தன.

இருவர் பெயரிலும் சேர்ந்து மனு எழுதினோம். பழைய புலப்படத்தின் சான்று நகல், குத்தளவைக் காட்டும் என் வரைபடம், இரண்டு வீட்டுக் கையெழுத்து. அளக்க வந்த பெண் சர்வேயர் மெஷினை நிறுத்தி இரண்டு கல்லையும் பார்த்துவிட்டு, 268-க்கு நேராக ஓர் ஆணி அடித்தார். அங்கிருந்து மேற்கே, பனையடியில், புதுக் கல்லுக்குக் குழி தோண்ட வேண்டும். தம்பி மண்வெட்டி எடுத்தான். மூன்றடி போனதும் மணலின் நிறம் மாறியது. இன்னும் ஓரடியில் பனை மட்டையும் கடற்பாறைக் கல்லுமாக ஒரு விளிம்பு வளைந்து தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடியில் நீர் கசிந்தது.

மாமா மண்டியிட்டு உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"உப்பு ஏறல தாயி" என்றார். கல்லை ஒரு முழம் தள்ளி நடச் சொன்னார்.